தோணி ஏறாத கள்ளத்தோணிகள்



சென்ற மாதம் ஒரத்தநாட்டுக்கு அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில், இலங்கையிலிருந்து ஓடிவந்து முகாம்களில் கிடக்கும் தமிழர்களுக்குப் பிரஜா உரிமை கொடுத்தாக வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கையில், நடுவில் ஒரு தோழர் எழுந்து, "வந்தவனுக்கெல்லாம் உரிமை கொடுக்க இந்த நாடு என்ன சத்திரமா?" என்று கேட்டார். கேட்டவர் நமது விரோதி அல்ல. நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர்தான். இந்த வார்த்தையை அவர் தாமாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. 2025-ம் வருஷம் மே மாதத்தில் டெல்லி உச்ச நீதிமன்றத்திலே ஓர் இலங்கைத் தமிழரின் மனு வந்தபோது, உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்கிற கருத்துப்பட நீதிபதி பீடத்திலிருந்தே சொல்லப்பட்டது. அந்த மனுதாரர் ஒரு குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர். அவர் வழக்கைப் பற்றி நாம் பேச வரவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை பத்திரிகைகளின் மூலமாக ஊர் ஊராகப் பரவி, குற்றம் ஏதும் செய்யாத பல்லாயிரம் பேர் மேல் போய் விழுந்திருக்கிறது. ஆதலால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவசியமாகிறது.

சத்திரம் என்றால் என்னவென்பதைத் தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு மற்றவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகும் வழியெல்லாம் மராட்டிய ராஜாக்கள் கட்டிய சத்திரங்கள் உண்டு. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தையும், ராஜாமடத்தையும் பார்க்காதவர் நமது வாசகர்களில் சிலரே இருப்பர். பிராமணன் முதல் பறையன் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் இச்சத்திரங்களிலே சோறு போடப்படுகிறதென்று சரபோஜி ராஜா 1801-ம் வருஷத்திலே கும்பினி ரெசிடெண்டுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பந்தி ஒன்றா, வேறா என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நாம் கேட்பது வேறொன்று. அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தவன் யார்? நாற்றுப் பறித்தவளும், நட்டவளும், அறுத்தவனும் யார்? ராஜா அல்ல, தர்மகர்த்தா அல்ல, மந்திரம் சொன்ன புரோகிதனும் அல்ல. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் உட்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கடனில் கட்டுண்டு கிடந்த பண்ணையாளே விளைவித்தான்.

அந்தப் பண்ணையாளும், அவனைப்போல் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளில் வயிறு காய்ந்து கிடந்தவனும்தான், வெள்ளைக்காரன் இலங்கை மலையில் காப்பிப் பயிர் வைத்த காலத்தில் கங்காணியின் பேச்சை நம்பிக் கடல் தாண்டியவர்கள். காப்பி நோய்கொண்டு அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. இங்கே பண்ணைக் கடன்; அங்கே கங்காணிக் கடன். கடனாளியை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஒரு காகிதத் துண்டில் எழுதி மாற்றுவார்கள். அதற்குப் பெயரே "துண்டு" முறை. 1921-ம் வருஷத்தில்தான் அது சட்டப்படி ஒழிந்தது. இவன் திருட்டுத்தனமாகப் போனவனா? மண்டபத்தில் இலங்கை சர்க்காரே முகாம் வைத்து, பரிசோதித்து, எண்ணிப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனான். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலும் கப்பலும் இணைந்து ஓடின. ஆள் வேண்டியிருந்த காலத்திலே கடலும் குறுக்கே நிற்கவில்லை, சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

பிறகு வந்தது சுதந்திரம். 1947-ம் வருஷத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் பேரால் 7 பேர் அந்நாட்டுப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கூலிக்காரன் ஓட்டுப் போடுகிறான், ஓட்டுப் போட்டு ஜெயிக்கவும் செய்கிறான் என்பதைப் பார்த்ததும் சட்டம் பிறந்தது. 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? நீ இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. உன் தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது உன் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது. திவசத்திற்கு வருகிற ஐயர் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்கிறாரே, அதே கேள்விதான்! லயத்துக் காம்பராவில் பிறந்த குழந்தைக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதினார்கள்? ஏறத்தாழ 7 லக்ஷம் பேர், தாங்கள் பிறந்து வளர்ந்து தேயிலை பறித்த நாட்டிலே ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்கள். 1949-ல் ஓட்டும் பறிபோயிற்று. "தோட்டக்காட்டான்" என்று ஏற்கனவே ஒரு பட்டம் இருந்தது. கூடவே "கள்ளத்தோணி" என்ற பட்டமும் நிலைத்தது. அப்போது சில தமிழ்த் தலைவர்களே மந்திரி பதவியை விடாமல் அந்தச் சட்டங்களுக்குத் துணை நின்றதையும், அதைப் பொறுக்காமல் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதையும் இங்கே ஞாபகப்படுத்துகிறோம். இனம், மொழி என்ற பேச்செல்லாம் கூலிக்காரன் பேரில் வரும்போது எப்படிப் பதுங்கிக்கொள்ளுகிறது என்பதற்கு இது ஒரு பாடம்.

அதற்குப்பின் 1964-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி டெல்லியில் சாஸ்திரியும் சிரிமாவோவும் உட்கார்ந்து பாகப் பிரிவினை செய்தார்கள். மொத்தம் 9,75,000 தலை. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று இரண்டு கூறு போட்டார்கள். மாட்டுச் சந்தையிலாவது மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. அந்தப் பத்து லக்ஷம் ஜனங்களில் ஒருவரையாவது கூப்பிட்டு உன் இஷ்டம் என்ன என்று பேரம் பேசுமுன் கேட்டவர் கிடையாது. ஒப்பந்தம் முழுதும் நிறைவேறுமுன் 1984-ல் கப்பலும் நின்றது. இந்தியாவுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அனேகர் அங்கேயே அகப்பட்டுக் கொண்டார்கள். கலவரங்களுக்குப் பயந்து மலையை விட்டு இறங்கி வவுனியாப் பக்கம் குடியேறியவர்களும் உண்டு. 1983 ஜூலையில் தமிழன் வீடும் கடையும் எரிந்தபோது, யாழ்ப்பாணத்தானும், மன்னாரானும், திருகோணமலையானும், இந்த மலைநாட்டானும் ஒன்றாகவே படகேறி ராமேசுவரம் கரையில் வந்து விழுந்தார்கள். சாகப்போகிறவன் பாஸ்போர்ட்டு ஆபீசுக்கு மனுப்போட்டுவிட்டா ஓடிவருவான்?

இனி நமது நாட்டுச் சட்டத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். 2021-22 கணக்குப்படி சுமார் 58,000 பேர் முகாம்களிலும், 34,000 பேர் முகாமுக்கு வெளியே பதிவு பெற்றும் இருந்தார்கள். இவர்கள் வந்து 35, 40 வருஷங்கள் ஆகின்றன. 1955-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தை 2003-ல் திருத்தி, சரியான பாஸ்போர்ட்டு இல்லாமல் வந்தவனெல்லாம் "சட்ட விரோதக் குடியேறி" என்று அதில் எழுதிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் நாற்பது வருஷமல்ல, நானூறு வருஷம் இருந்தாலும் பதிவு செய்துகொண்டோ வேறு விதத்திலோ பிரஜையாக முடியாது. இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், அதே 2003-ம் வருஷத்திலேதான் இலங்கை சர்க்கார், இந்திய வம்சாவளியில் எஞ்சி நின்ற நாடற்றவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுத்துச் சட்டம் செய்தது. கள்ளத்தோணி என்று சொன்ன நாடு கதவைத் திறந்த வருஷத்திலே, தாய்நாடு என்று சொல்லிக்கொள்ளும் நாடு கதவுக்குப் பூட்டுப் போட்டது!

அகதிகளின் குழந்தைகள் சங்கதி இன்னும் கேவலமானது. இந்நாட்டில் 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே பிரஜை. அப்படி மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட்டு கொடுக்கும்படி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவும் செய்தது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-ந் தேதிக்குப் பின் பிறந்தால் அதுவும் போதாது. பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருந்தாலும், மற்றவர் சட்ட விரோதக் குடியேறியாய் இருக்கக்கூடாது. அதாவது ஜூன் 30-ந் தேதி ராத்திரி பதினோரு மணிக்குப் பிறந்தால் பிரஜை, இரண்டு மணி நேரம் கழித்துப் பிறந்தால் அகதி! நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்கும் பஞ்சாங்கக்காரனைப் பார்த்து நாம் இதுவரை சிரித்து வந்தோம். சட்டப் புத்தகத்துக்குள்ளேயே பஞ்சாங்கம் இருப்பதைக் கண்டு இப்பொழுது என்ன செய்வது?

தோழர்களே, நாம் சொல்லவந்த விஷயம் இதுதான். முகாமில் பிறந்த பெண் கடலையே பார்த்திராதவளாய் இருக்கலாம். அவள் தோணி ஏறவில்லை, எல்லை தாண்டவில்லை, எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்; தமிழ்நாட்டு ரேஷன் அரிசி சாப்பிட்டாள். அவள் செய்த குற்றம் என்ன? பிறந்தது. பிறப்பே குற்றம், அந்தக் குற்றம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் இறங்கும் என்கிற இந்த நியாயத்தை நாம் இதற்குமுன் எங்கே கேட்டிருக்கிறோம்? மனுவினிடத்தில் கேட்டிருக்கிறோம். பறையன் மகன் பறையன், சக்கிலி மகன் சக்கிலி என்றதற்கும், அகதி மகன் அகதி, கள்ளத்தோணி பேரன் கள்ளத்தோணி என்பதற்கும் என்ன வித்தியாசம்? இஞ்சினீயர் பரீட்சை தேறிய முகாம் வாலிபன் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போட முடியாமல் சுவருக்கு வர்ணம் அடிக்கப் போகிறான். குலத்தொழிலை விட்டு வேறு தொழில் செய்யக்கூடாதென்று சொன்ன வருணாசிரமத்தின் வேறொரு வேஷம்தானே இது? பிறவியினால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லிக்கொண்டு, இதை மட்டும் ஒப்புக்கொள்ளுகிறவன் சுயமரியாதைக்காரன் ஆகமாட்டான்.

பிறவி போதாதென்று 2019-ல் மதத்தையும் சேர்த்தார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவருக்கு மட்டும் வழி உண்டு. முஸ்லிமுக்கு இல்லை என்றார்கள். 2024 மார்ச்சில் அதற்கு விதிகளும் வெளியிட்டார்கள். அடித்து விரட்டப்பட்டவனைப் பார்த்து, உன் காயம் எவ்வளவு ஆழம் என்று கேட்காமல், உன் கடவுள் பெயர் என்ன என்று கேட்பது மனித தர்மமா? அது போகட்டும். இந்துவைக் காப்பாற்றவே இந்தச் சட்டம் என்று வாய் கிழியப் பேசினார்களே, இலங்கையிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் திருநீறு பூசுகிறவர்கள் ஆயிற்றே, அவர்கள் பெயர் ஏன் அந்தச் சட்டத்தில் இல்லை? முருகனைக் கும்பிடுகிறவன் இந்து இல்லையா? மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள் இந்து இல்லையா? கோயில் உண்டியலுக்கும் ஓட்டுப் பெட்டிக்கும் இந்து. உரிமை கொடுக்கும்போது மாத்திரம் அன்னியன். இந்த மதத்தை நம்பிக்கொண்டிருக்கும் தோழர்கள் இதையாவது யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். அந்த மசோதா ராஜ்ய சபையில் 125-க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. தமிழ்நாட்டிலிருந்து போன அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தார் அதற்கு ஆதரவாகவே ஓட்டளித்தார்கள் என்பதையும், அவர்கள் கட்சியின் பெயரில் இருக்கும் "திராவிட" என்ற வார்த்தையையும் வாசகர்களே பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

2025-ல் பழைய 1946-ம் வருஷத்து அன்னியர் சட்டம் முதலானவற்றை ரத்து செய்து, செப்டம்பர் 1 முதல் ஒரு புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதன்படி பாஸ்போர்ட்டு இல்லாமல் வருகிறவனுக்கு 5 வருஷம் வரை ஜெயில், 5 லக்ஷம் வரை அபராதம். ஆனால் 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு இந்தத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். இதைப் பெரிய தயவென்று சிலர் கொண்டாடினார்கள். விலக்கை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதன் அர்த்தம் என்ன? உன்னை ஜெயிலில் போடமாட்டோம். ஆனால் பிரஜை ஆக்கவும் மாட்டோம் என்பதே. கொடிமரம் வரை வா, அதற்குமேல் வராதே என்று கோயிலில் சொன்னார்களே, அந்தக் கருணைக்கும் இந்தக் கருணைக்கும் ரத்த பாந்தவ்யம் உண்டு. தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ல் "அகதி முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியதையும், இடிந்த குடிசைகளுக்குப் பதிலாக வீடு கட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்ததையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் நல்ல வீடு கட்டிக்கொடுத்துவிட்டதால் சேரி என்பது ஊர் ஆகிவிடாது. சேரிக்காரனுக்கு ஊரில் என்ன பாத்தியதை என்பதே கேள்வி.

நிற்க, எதிர்க்கக்ஷியார் சொல்லும் ஆக்ஷேபணைகளையும் பார்ப்போம்.

"1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு முன்னாள் பிரதம மந்திரியைக் கொன்றார்களே" என்கிறார்கள். கொலை செய்தவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, தண்டித்தும் ஆயிற்று. அதற்காக, அந்த வருஷத்தில் பிறந்திராத குழந்தையைத் தண்டிப்பது எந்த ஊர் நீதி? காந்தியாரைக் கொன்றவன் ஒரு பார்ப்பான். அதற்காகப் பார்ப்பனக் குழந்தைகளுக்கெல்லாம் ஓட்டில்லை என்று யாராவது சொன்னால் நாமே அதை எதிர்ப்போம்.

"இவர்களுக்குக் கொடுத்தால் உலகமே வந்து குவியும்" என்கிறார்கள். எல்லையே வேண்டாம், கதவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பல வருஷங்களுக்கு முன்னரே வந்து, சர்க்காரே பதிவு செய்து, ரேகை எடுத்து, முகாமில் மாதந்தவறாமல் தலை எண்ணி வைத்திருக்கும் ஜனங்களைப் பற்றியே பேசுகிறோம். எண்ணி முடிந்த தொகை எப்படிக் குவியும்?

"வேலை போய்விடும், கூலி குறையும்" என்பது மூன்றாவது ஆக்ஷேபணை. இதைச் சொல்லுகிறவர்களில் ஏழைகளும் உண்டு. ஆதலால் மரியாதையாகவே பதில் சொல்லுகிறோம். கூலியைக் குறைப்பது அன்னியன் அல்ல. உரிமை இல்லாதவன் இருப்பதுதான் கூலியைக் குறைக்கிறது. பண்ணையாளுக்கு உரிமை இல்லாத காலத்தில் மிராசுதார் மரக்காலை எப்படி அளந்தார் என்று உங்கள் பாட்டனைக் கேளுங்கள். அரைப்படி நெல் கூடக் கேட்டதின் பேரில் கீழத்தஞ்சையில் எழுந்த தகராறு, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரிக்கும்வரை போயிற்று. பயந்து கிடக்கிறவன், போலீசுக்கும் தாசில்தாருக்கும் நடுங்குகிறவன், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவான். அவனைக் காட்டி முதலாளி உன் கூலியையும் குறைப்பான். அவனுக்கும் உரிமை வந்தால்தான் உன் கூலிக்குப் பாதுகாப்பு.

இந்த இடத்தில் நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று நம் டெல்டா வயல்களில் நாற்று நட வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து "வந்தேறி" என்று நம்மவர் சிலர் சொல்லுவது நம் காதில் விழுகிறது. நம் பாட்டன் கண்டி மலையிலும் மலாயா ரப்பர்க் காட்டிலும் கேட்ட வசவு அல்லவா அது? 2025-ல் வடநாட்டுப் பட்டணங்களில், வங்காள பாஷை பேசிய குற்றத்திற்காக, இந்நாட்டுப் பிரஜைகளிலேயே சிலரைப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் அமெரிக்கா 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கு பூட்டி ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரசில் இறக்கியது. அப்போது தேசமே துடித்தது, துடித்தது நியாயமே. தற்காலிக விசாவில் இருப்போர் குழந்தைகளுக்குப் பிறப்புரிமை இல்லை என்று அமெரிக்க ஜனாதிபதி அவ்வருஷம் ஜனவரியில் உத்தரவு போட்டபோதும் இங்கே பெரிய இடத்துப் பெற்றோர்களெல்லாம் பதறினார்கள். கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று சாஸ்திரம் எழுதியவர்களின் சந்ததியார் அதில் முன்னணியில் நின்றார்கள். ஆனால் அவர்கள் எதைக் கண்டு பதறினார்களோ அதே விதி, 1987 முதல் நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறதே, மண்டபத்துக் குழந்தைக்காக இவர்களில் ஒருவராவது பதறியதுண்டா?

ஆகவே நாம் கேட்பவை இவை. பதிவு செய்யப்பட்ட இலங்கைத் தமிழரைச் "சட்ட விரோதக் குடியேறி" என்ற பட்டத்திலிருந்து விடுவித்து, விரும்புகிறவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுக்க வேண்டும். திரும்பிப் போக விரும்புகிறவர்களைக் கௌரவமாக, அவர்கள் இஷ்டப்படி அனுப்ப வேண்டும். 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்குச் சேரவேண்டிய குடும்பத்தாரின் பாத்தியதையைத் தர்மமாக அல்ல, கடனாக எண்ணித் தீர்க்க வேண்டும். இந்நாட்டில் பிறந்து வளர்ந்த எந்தக் குழந்தையின் மேலும் பெற்றோர் வந்த வழியைக் காட்டிக் குற்றம் சுமத்தக்கூடாது. குடியுரிமைச் சட்டத்தில் மதம் என்ற வார்த்தையே இருக்கக்கூடாது. 1951-ம் வருஷத்து உலக அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று ஒரு சட்டமும் செய்யவில்லை. அதிகாரியின் தயவு என்பது போய்ச் சட்டத்தின் உரிமை என்பது வர வேண்டும்.

ஒவ்வொரு கிராமத்துக் கூட்டத்திலும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி உங்கள் பார்லிமெண்டு உறுப்பினருக்கு அனுப்புங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறபோது, என்ன செய்தாய் என்று கேளுங்கள். பக்கத்தில் முகாம் இருந்தால் போய்ப் பாருங்கள். அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டுக் கலியாணத்துக்குக் கூப்பிடுங்கள். சம்பந்தம் செய்துகொள்ள மனம் வருமானால் அதுவே நமது கொள்கைக்குச் சிறந்த பிரசாரமாகும்.

ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தோழருக்கு நமது பதில் இவ்வளவுதான்: இந்த நாடு சத்திரம் அல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். சத்திரத்தில் சோறு கேட்கிறவன் வழிப்போக்கன். நம்மிடம் இப்போது வந்து நிற்கிறவர்களில் அனேகர் சத்திரத்துக்கு நெல் விளைவித்தவனின் பேரப்பிள்ளைகள். மற்றவர்கள் உயிருக்கு அஞ்சி நம் கரையை நம்பி வந்தவர்கள். இருவரும் கேட்பது ஒரு வேளைச் சோறு அல்ல. மனிதன் என்று எழுதிய ஒரு காகிதம். அதைக் கொடுக்க மறுக்கிறவன் சட்டத்தைக் காப்பாற்றவில்லை, மனுவைக் காப்பாற்றுகிறான்.